என் பெயரில் உள்ள வில்லங்கம்

பங்குனி உத்திரத்தன்று எங்கள் சாஸ்தா கோயிலில் யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பாதிக் கூட்டம் திரும்பிப் பார்க்கும். மீதிக் கூட்டம், "எந்த ஆளு?" என்று கேட்கும். அந்தச் சாமியின் பெயர்தான் எனக்கும். நேர்ந்துகொண்டு பிறந்தவர்கள், நேராமலே பிறந்தவர்கள், தாத்தா பெயர் என்பதால் வேறு வழியில்லாமல் வைத்துக்கொண்டவர்கள் என்று பாபநாசத்தில் ஆரம்பித்து ஆறு கடலில் விழுகிற வரைக்கும் இரண்டு கரையிலும் என் பெயர்க்காரர்கள்தான். எங்கள் அப்பாக்களுக்கும் அதே கோயிலில் பக்கத்துச் சன்னதிச் சாமியின் பெயர் என்பதால் இனிஷியலிலும் தப்பிக்க வழியில்லை.

ஊருக்குள் இதனால் ஒரு சிக்கலும் வந்தது கிடையாது. எங்கள் தெருவில் மட்டும் நெட்டை, கோழி, பட்டாளம், ஊசி என்று நாலு பேர் இருந்தோம். ஊசி நான்தான். கால்நடை மருந்தகத்தில் ஆய்வாளர் வேலை. மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவன். சேரன்மகாதேவிப் பக்கம் எந்தத் தொழுவத்தில் போய் "ஊசி வீடு எங்க?" என்று கேட்டாலும் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். அரசாங்கத்துக்குத்தான் இந்த நுட்பம் பிடிபடவில்லை. எல்லாப் படிவத்திலும் பெயருக்குக் கீழே பட்டப்பெயருக்கு ஒரு கட்டம் போட்டிருந்தால் இந்த மாவட்டத்தில் பாதி வழக்கு கோர்ட்டுக்கே போயிருக்காது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

என் மனைவிக்கு இந்தப் பெயரால் வேறு மாதிரித் தொல்லை. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள் அவள். எங்களுக்குக் கல்யாணமாகி, மகள் வேலைக்குப் போகிற காலம் வந்த பிறகும் ஒருநாள்கூடச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்கிற பெண்ணைப் பார்ப்பாள், அந்தப் பெண் சொல்லும். அந்தப் பெண்ணின் புருஷனுக்கும் அதே பெயராக இருந்துவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து மூன்றாவது ஒருத்தியைத் தேடுவார்கள். காய்கறிக்காரருக்கு என் பெயர் என்பதால் அவர் வெறும் "காய்க்காரரு". சாமிக்கும் அதே பெயர் என்பதால் கோயிலில் கைகூப்பி நின்று, "எங்க வீட்டுக்காரர் பேரு கொண்ட சாமியே, காப்பாத்து" என்றுதான் கும்பிடுவாள். சாமி என் பெயரைக் கொண்டிருக்கிறாராம், நான் சாமியின் பெயரை இல்லையாம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

பாளையங்கோட்டையில் என் பெயரிலேயே ஒரு பெரிய டாக்டர் இருக்கிறார். பிள்ளையில்லாதவர்களுக்குச் சிகிச்சை செய்கிறவர். ஏதோ ஒரு வலைத்தளம் அவர் பெயருக்கு எதிரே என் கைபேசி எண்ணைப் போட்டு வைத்திருந்தது. எனக்கு அது தெரியாது. ஒருநாள் ஒருவர் கூப்பிட்டு, ரொம்பவும் தணிந்த குரலில், "டாக்டர், மூணாவது ஊசி போட்டும் நிக்கலயே" என்றார்.

சினை நிற்கவில்லை என்று தினமும் நான் கேட்கிற புகார்தான். பசு பருவத்துக்கு வந்தால் கத்தும். அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். "கத்துதா?" என்றேன்.

அவர் குரலை இன்னும் தணித்துக்கொண்டார். "கத்தத்தான் செய்யுதா, டாக்டர். இப்பல்லாம் எதச் சொன்னாலும் கத்துதா."

"பயப்படாதீங்க. தவிட்டத் தண்ணியில கரைச்சு வையுங்க. பச்சப்புல்லு கூடக்கொஞ்சம் போடுங்க. காலையில வெயிலுக்கு முன்னால பைய ஓட்டிட்டு வந்துருங்க."

"யார ஓட்டிட்டு வர?"

அதன் பிறகு அவர் பேசியதை அச்சில் ஏற்ற முடியாது. "இரும், அவகிட்டயே போனக் குடுக்கேன்" என்று அவர் சொன்னதும் நான் இணைப்பைத் துண்டித்துவிட்டேன். மாட்டிடம் உதை வாங்கியிருக்கிறேன், காளையிடம் முட்டு வாங்கியிருக்கிறேன். அந்தம்மாளிடம் வாங்கத் தெம்பில்லை.

இதையெல்லாம் டீக்கடையில் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், என் மகளின் கல்யாணத்தில் வந்து முட்டும் வரைக்கும்.

மகள் கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாள். அங்கேயே வேலை பார்க்கிற ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று, இட்லிக்கு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்கிற குரலில் ஒருநாள் காலையில் சொன்னாள். "இவரு இல்லன்னா வேற யாரையும் பாக்காதீங்க யப்பா" என்றும் அதே குரலில் சொன்னாள். பையன் வீட்டுக்கு வந்தான். எங்கள் பசு தலையைத் தூக்கி மூசுமூசென்று அவன் சட்டையை மோந்தபோது விலகாமல் நின்றான். எனக்கு அது போதும்.

பையனுடைய அப்பாவுக்குத்தான் அது போதாது. அவர் பத்திர எழுத்தர். பதிவு அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு, ஊரார் விற்பதையும் வாங்குவதையும் பாகம் பிரிப்பதையும் எழுதி எழுதித் தலை நரைத்தவர். எதையும் வில்லங்கம் பார்க்காமல் தொடமாட்டார். கத்தரிக்காயைக்கூடக் காம்பைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார் என்று பையனே சொன்னான். முதல்முறை அவர் வந்தபோது பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் எங்கள் சுவரைப் பார்த்தார். "இது பொதுச்சுவரா, தனிச்சுவரா?" என்றார். தனிச்சுவர் என்று தெரிந்த பிறகுதான் உட்கார்ந்தார்.

காப்பி குடித்துக்கொண்டே, "நிலத்துக்குத் தாய்ப்பத்திரம், பொண்ணுக்குத் தாயி. இந்த ரெண்டையும் பாத்துட்டா முக்கால்வாசி முடிஞ்சிரும் அண்ணாச்சி" என்றார்.

"பாலைப் பாத்துப் பசுவைக் கொள்ளுன்னும் சொல்லுவாங்க" என்றேன் நான், என் தொழிலை விட்டுக்கொடுக்காமல்.

இரண்டு பேரும் சிரித்தோம். பேச்சு சுவாரசியமாகப் போயிற்று. ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு பேருக்கு நிலம் இருந்தால் பத்திரத்தில் எப்படிப் பிரித்துச் சொல்வீர்கள் என்று கேட்டேன். "பேரு ஒண்ணா இருந்தா பயப்படவே கூடாது. நான்கெல்லை பாக்கணும். வடக்க யாரு, தெக்க என்ன, கிழக்க வாய்க்காலா வரப்பா, மேக்க எது. நாலு பக்கமும் பூட்டிட்டம்னா நடுவுல உள்ளது ஓடவா போகுது?" என்றார். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். கிளம்பும்போது வாசலில் நின்று, "அண்ணாச்சி முழுப்பேரு என்ன, இனிஷியலோட?" என்று கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் ஒரு கோப்போடு வந்தார். என் பெயரை இணையத்தில் போட்டுத் தேடி, வந்ததையெல்லாம் அச்செடுத்து, வரிசைப்படி துளைபோட்டு நூல் கட்டியிருந்தார். முதலில் டாக்டர். அது நானில்லை என்பது அவருக்கே தெரியும், இருந்தாலும் மங்களகரமாக இருக்கட்டும் என்று மேலே வைத்திருந்தார் போலிருக்கிறது. அடுத்து கொற்கைப் பக்கம் குளத்தங்கரையை வளைத்து வேலி போட்டதாக நோட்டீஸ் வாங்கிய ஒருவன். அடுத்து உள்ளாட்சித் தேர்தலில் நின்று டெபாசிட் இழந்த ஒருவன். கடைசியில், முதல் மனைவி இருக்கும்போதே இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டு ஜீவனாம்ச வழக்கில் மாட்டிய ஒருவன். எல்லாருக்கும் என் பெயர், என் இனிஷியல், என் ஆற்றங்கரை.

"நான் சந்தேகப்படல அண்ணாச்சி. கேக்கத்தான் செய்யுதேன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். "அந்த டாக்டர் நானில்லங்கது உமக்குத் தெரியுதுல்லா? அப்ப இந்த ரெண்டு பொண்டாட்டிக்காரன் மட்டும் எப்படிவே நானாவேன்?"

அவர் கோபப்படவில்லை. பத்திர எழுத்தர்கள் லேசில் கோபப்படுவதில்லை. "டாக்டரா இருந்தா நீங்களே சொல்லியிருப்பீங்க. நல்லத யாரு மறைப்பா? கெட்டதுக்குத்தான அத்தாட்சி வேணும்? அவரு வேற, நீங்க வேறன்னு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிருங்க. பைசல் பண்ணிருவோம்" என்றார்.

அவர் போன பிறகு மகள், "உங்க பேரு நல்ல பேருதான் யப்பா. இன்டர்நெட்லதான் கெட்டுப் போச்சு" என்று சிரிக்கப் பார்த்தாள். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றைக்குத் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாய்க்குப் போகவில்லை. பேர் போனவன் என்றால் புகழ் பெற்றவன் என்று அர்த்தம் சொல்வார்கள். என் பேர் நிஜமாகவே போய்க்கொண்டிருந்தது. பிறந்தபோது அவளுக்கு நான் கொடுத்தது அந்த இனிஷியல் ஒன்றுதான். அதுவே அவள் கல்யாணத்துக்குக் குறுக்கே விழுந்து கிடந்தால் நான் என்ன அப்பன்?

சர்ட்டிபிகேட் கேட்டுக் கிராம நிர்வாக அலுவலரிடம் போனேன். சின்ன வயசுப் பெண், பொறுமையாகக் கேட்டது. "அவரும் இவரும் ஒருவரேன்னு சான்று உண்டு சார். ஆதார்ல ஒரு பேரு, பட்டாவுல ஒரு பேருன்னு வருவாங்கல்லா, அவங்களுக்குக் குடுப்போம்."

"எனக்கு அது வேண்டாம்மா. அவரும் இவரும் ஒருவரல்லன்னு வேணும்."

அந்தப் பெண் யோசித்தது. "அப்படி ஒண்ணு இல்லையே சார். ரெண்டு பேர ஒரு ஆளாக்க விதி இருக்கு. ஒரு பேர ரெண்டு ஆளாக்க விதி இல்ல."

எவ்வளவு சத்தியமான வார்த்தை என்று பேருந்தில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. ஒருவன் தான் இன்னார் என்று நிரூபிக்க ஆதார் முதல் ஜாதகம் வரை ஆயிரம் காகிதம் உண்டு. தான் இன்னொருவன் இல்லை என்று நிரூபிக்க ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

பத்திர எழுத்தரிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, "அப்ப அசலப் பாத்துருவோம்" என்றார். அவருக்கு ஒரு ஊகம் இருந்தது. தேர்தலில் நின்றவனும் இரண்டு பொண்டாட்டிக்காரனும் ஒரே ஆளாக இருக்கலாம். வேட்பாளர் கொடுத்த பிரமாணப் பத்திரத்தில் விலாசம் இருந்தது. அவனை நேரில் பார்த்து, அவன் வாயால் "நான்தான்" என்று சொல்லிவிட்டால் நான் தப்பித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஸ்ரீவைகுண்டம் தாண்டிப் போனேன். என்னைக் குற்றவாளிக் கூண்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவரின் இடுப்பையே பிடித்துக்கொண்டு போகவேண்டியிருந்தது. மேடு பள்ளம் அப்படி.

தேர்தலில் நின்றவர் வாழைத்தார் கமிஷன் மண்டி வைத்திருந்தார். நல்ல கனத்த ஆள். என் பெயரைச் சொன்னதும் எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். "என்னவே, நீரும் அதானா! வாரும் வாரும், உக்காரும்" என்று ஆளுக்கு இரண்டு பழம் உரித்துக் கையில் திணித்தார். பழம் தின்றுகொண்டே ஒருவரிடம், "உமக்கு ரெண்டு பொண்டாட்டியா?" என்று எப்படிக் கேட்பது? பத்திர எழுத்தர் கேட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேற்படி வழக்கின் எதிர்மனுதாரர் தாங்கள்தானா?" என்றார்.

மண்டிக்காரர் முகம் சுருங்கிவிட்டது. "அந்தப் பாவி நானில்ல வே! அவனாலதான் நான் தோத்தேன்" என்று நெற்றியில் அறைந்துகொண்டார். நடந்ததை அவர் சொன்னபோது எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. எதிர்க்கட்சிக்காரர்கள் இவர் ஓட்டைப் பிரிக்க இவர் பெயரிலேயே இரண்டு பேரைத் தேடிப்பிடித்து அதே வார்டில் நிறுத்திவிட்டார்கள். போதாக்குறைக்கு அந்த வழக்குக் காகிதத்தையும் வீடு வீடாகக் காட்டி, இவன்தான் அவன் என்று பரப்பிவிட்டார்கள். "எம்பொஞ்சாதியே ஒரு வாரம் பேசல. வீட்டு ஓட்டாவது விழுந்துச்சா தெரியல. போதாததுக்குச் சின்னம் வேற. சீப்பு. தலை சீவுத சீப்பு! நோட்டீஸ் அடிச்ச பய, வாழக்கா மண்டிதானன்னு வாழச்சீப்பப் போட்டுட்டான். உள்ள போன சனம் வாழச்சீப்பத் தேடிப் பாத்துட்டு, கண்டதுல குத்திட்டு வந்துருக்கு."

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "உம்ம மக கல்யாணத்துக்குச் சொல்லி விடும். எனக்கு ஓட்டுப் போட்ட அத்தன பேரையும் கூட்டிட்டு வாரேன். ஒரு ஆட்டோ போதும்" என்றார்.

எனக்கு அந்த ஆளை ரொம்பப் பிடித்துப் போயிற்று. ஆனால் வந்த காரியம் கெட்டது. பத்திர எழுத்தர் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, உள்ளே வந்து உட்கார்ந்து, கோப்பை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அவரும் நானில்லங்காரு. நீங்களும் நானில்லங்கீங்க. ஒரு ஆளு இருக்கத்தான செய்யுதான்? கோர்ட்டுக் காயிதம் பொய் சொல்லாதுல்லா? இத இப்படியே வச்சுக்கிட்டு எப்படி அண்ணாச்சி மேக்கொண்டு பேச?"

என் காது சிவக்கவில்லை. கோபம் வந்தால்தானே? உள்ளறைக் கதவுக்குப் பின்னால் மகள் நிற்பது எனக்குத் தெரியும். கதவின் கீழே அவள் கால்விரல்கள் தெரிந்தன. பையன் நல்லவன், இவரும் கெட்டவர் இல்லை, நானும் ஒரு பாவமும் செய்யவில்லை, ஆனாலும் கல்யாணம் நிற்கப்போகிறது. அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது என் மனைவி காப்பியோடு வந்தாள். இத்தனை நாளும் எல்லாப் பேச்சையும் அடுக்களையில் இருந்தே கேட்டுக்கொண்டிருந்தவள், டம்ளரை அவர் முன்னால் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

"அண்ணாச்சி, பேரு ஒண்ணா இருந்தா நான்கெல்லை பாக்கணும்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆமா தங்கச்சி."

"எங்க வீட்டுக்காரருக்கு நான் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க. வடக்க மாட்டாஸ்பத்திரி. தெக்க ஆத்துப் படித்துறை, குளிக்கப் போவாக. கிழக்க டீக்கடை, அங்கன உக்காந்து ஊர்ல உள்ள ஆளையெல்லாம் வைவாக. மேக்க நான். கட்டுன நாள்லருந்து இந்த நாலத் தாண்டி இவுக போனது கிடையாது. எங்கயும் போனா சோத்துக்கு வந்துருவாக. ரெண்டாவது ஒருத்தியக் கொண்டு வைக்கதுக்கு இதுல இடம் எங்கன இருக்கு?"

பத்திர எழுத்தர் பேனாவைக்கூட எடுத்துவிட்டார். பழக்கதோஷம்.

அவள் நிறுத்தவில்லை. குரல்தான் கொஞ்சம் இறங்கியது. "முந்தி ஒரு பசு எங்ககிட்ட இருந்துச்சு. வயசாகி, பால் வத்திப் போச்சு. வித்துருங்கன்னு நான்தான் சொன்னேன். இத்தன நாளு பாலு குடிச்சிட்டு எப்படிட்டி அனுப்பன்னுட்டு, அது சாகுத வரைக்கும் வச்சுத் தவிடு போட்டாக. செத்த அன்னைக்கு அது கழுத்து மணியக் கையில வச்சுக்கிட்டுத் தொழுவத்துலயே கெடந்தாக. ஒரு கறவ வத்துன மாட்ட விடமுடியாத மனுசன் கட்டுனவள விடுவாகளா? இந்த மாவட்டத்துல இதே பேருல ஆயிரம் பேரு என்ன வேணா செஞ்சிருக்கட்டும் அண்ணாச்சி. எனக்கு ஒரே ஒரு…"

அந்த இடத்தில் அவள் என் பெயரைச் சொன்னாள்.

இனிஷியல் இல்லாமல், முழுசாக, ஒரு எழுத்தை விழுங்காமல் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கூப்பிட்டு, ஆபீஸில் அதிகாரி கூப்பிட்டு, கோயிலில் யார் யாரையோ கூப்பிட்டு நான் திரும்பிப் பார்த்த பெயர்தான் அது. எனக்கு மட்டும் வைத்த பெயர் மாதிரி அன்றைக்குத்தான் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க ஆறிப்போகாத காப்பியை எடுத்து ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். அது பத்திர எழுத்தரின் காப்பி.

அவளும் திடுக்கிட்டுவிட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். அது எனக்காகவா, சாமிக்காகவா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். கதவுக்குக் கீழே தெரிந்த கால்விரல்கள் அசையவே இல்லை.

பத்திர எழுத்தர் அடுக்களை வாசலைப் பார்த்தார். "எங்க வீட்டுலயும் அவ எம்பேரச் சொன்னதில்ல அண்ணாச்சி" என்றார் மெதுவாக. பிறகு கோப்பின் கடைசித் தாளைத் திருப்பி, அச்சு மாதிரியான அவருடைய கையெழுத்தில், 'மேற்படியார் பேரில் வில்லங்கம் ஏதும் இல்லை' என்று எழுதித் தேதி போட்டு என் கையில் கொடுத்தார். "முகூர்த்தத்துக்கு நாள் பாருங்க" என்று எழுந்தவர், வாசலில் செருப்பு மாட்டும்போது அடுக்களைப் பக்கம் பார்த்து, "தங்கச்சி, வாரேன்மா. எனக்கு இன்னும் காப்பி வரல" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அந்த இரண்டாவது கல்யாணக்காரன் யார் என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. எங்கேயோ ஆற்றங்கரையில்தான் இருப்பான். கல்யாணத்துக்கு மண்டிக்காரர் ஆட்டோவில் வந்தார், அதிலும் இடம் மிச்சமிருந்தது. ஒரு தார் பழம் கொண்டுவந்தார்.

அவள் என் பெயரைச் சொன்ன அன்றைக்கு, பத்திர எழுத்தர் போனதும் நான் அடுக்களைக்குப் போனேன். அவள் சுவரைப் பார்த்து நின்று பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காது வரைக்கும் சிவந்திருந்தது.

"என்னமோ சொன்னியே, கடைசியில. காதுல சரியா விழல" என்றேன்.

"ஒண்ணுஞ் சொல்லல. போங்க அங்கிட்டு."

அதற்குப் பிறகு இதுவரை அவள் சொன்னதில்லை. நானும் காது மந்தமானவன் மாதிரி அவ்வப்போது அந்தப் பக்கம் போய் நின்று பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.